பனிமலைப் புலி டென்சிங்

மலைநாட்டில் பிறந்தவர்களிடம் மலையேறுவது ஒரு விளையாட்டு என்று சொன்னால், அதை நம்புவதற்கு அவர்களுக்குச் சற்று நேரம் பிடிக்கும். வலப்பனைப் பகுதித் தோட்டங்களில், விடியற்காலைப் பெரட்டு முடிந்து மலைக்குப் போவதென்றால் வேலைக்குப் போவதென்றே பொருள். தேயிலை நிற்கும் நிலத்துக்கே எங்கள் வழக்கில் மலை என்று பெயர். ஒவ்வொரு மலைக்கும் ஓர் எண்ணும் உண்டு. கூடைக்கயிறு தலையில் அழுந்த, நனைந்த படங்கு இடுப்பில் கனக்க, வழுக்குப் பாதையில் நாள்தோறும் ஏறி இறங்கும் பெண்களை மலையேறும் வீராங்கனைகள் என்று எவரும் போற்றியதில்லை. மலை எங்களுக்குச் சோறு. மழைக்காலத்தில் அதுவே அச்சம். 2007 ஆம் ஆண்டு ஜனவரியில் வலப்பனையில் நேர்ந்த மண்சரிவுகளைக் கண்டவர்களுக்கு அவ்வச்சம் இன்னும் தீரவில்லை.

இமயத்தின் மடியில் வாழும் ஷெர்ப்பா மக்களும் ஏறத்தாழ எங்களைப் போன்றவர்களே. வெள்ளையர் வந்து அழைக்கும்வரை அவர்கள் பனிச்சிகரங்களின் மீது கால் வைக்க நினைத்ததில்லை. சிகரங்கள் தெய்வங்களின் இருப்பிடம்; மனிதனுக்கு வேண்டியவை மேய்ச்சல் நிலமும் கணவாயுமே. உப்பும் தானியமும் கம்பளியும் சுமந்து கணவாய் கடந்து போய் வந்தார்கள். அவர்களும் பாரத்தைத் தலைப்பட்டையில் மாட்டி, நெற்றியால் தாங்கியே சுமப்பவர்கள். இந்த ஒற்றுமையே டென்சிங் நோர்கேயின் வாழ்க்கையை மற்றெந்த மலையேறியின் வாழ்க்கையிலும் மேலாக என் மனத்துக்கு நெருக்கமாக்கியது.

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று சொல்வோம். எடுக்கவேண்டிய கொழுந்து நிறுவையில் குறைந்துவிட்டால் அரைப்பேர்தான் கிடைக்கும். செக்ரோலில் பேர் விழாவிட்டால், அந்த மனிதர் அன்று மலைக்குப் போகவே இல்லை என்றுதான் கணக்கு. இமயமலையேற்றத்தின் சரித்திரமும் நெடுங்காலம் அவ்வாறே எழுதப்பட்டு வந்தது. 1922 ஆம் ஆண்டு எவரஸ்ட் சரிவில் பனிப்பாறை புரண்டு சுமைகாரர் எழுவரைக் கொன்றது. அந்த ஆண்டைப் பற்றிப் பேசுவோர் மலோரியைப் பேசுவார்கள். எழுவர் எழுவராகவே நின்றுவிட்டார்கள். 1937 இல் நங்கா பர்பத்தில் ஒரே இரவில் பதினாறு பேர் புதையுண்டனர். அவர்களுள் ஒன்பதின்மர் ஷெர்ப்பாக்கள். இத்தகைய கணக்குப் புத்தகத்தில் முழுப்பேர் போட்டுக்கொண்ட முதல் சுமைகாரர்களுள் தலையாயவர் டென்சிங். அந்தப் பேருக்கு அவர் கொடுத்த விலை என்ன என்பதுதான் நான் சொல்ல விரும்புவது.

அவர் பிறந்தது 1914 ஆம் ஆண்டு. நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. காலநிலையையும் பயிரின் நிலையையும் கொண்டு மே மாதக் கடைசி என்று பிற்பாடு ஊகித்தார்கள். பிறந்த இடம் நேபாளத்துக் கும்பு நாடா, மலைக்கு அப்பால் உள்ள திபெத்தா என்பதிலும் வழக்கு உண்டு. வளர்ந்தது கும்பு நாட்டின் தாமே என்னும் சிற்றூரில். தந்தை யாக் எருதுகளை மேய்த்து வாழ்ந்தவர். பிள்ளைகள் பதின்மூவர், டென்சிங் பதினோராவது, உடன்பிறந்தோரிற் பலர் இளமையிலேயே மாண்டனர். முதலில் இட்ட பெயர் நம்கியால் வாங்டி. ரோங்புக் மடத்துத் தலைமை லாமாவின் சொற்படி டென்சிங் நோர்கே என்று மாற்றினார்கள். செல்வமும் பாக்கியமும் பெற்ற சமயநெறியாளன் என்பது அப்பெயரின் கருத்து. துறவியாக்கும் நோக்கத்தோடு மடத்துக்கும் அனுப்பிப் பார்த்தார்கள். பையன் அங்கே தங்கவில்லை. ஆகவே ஏட்டுக்கல்வி இல்லாது போயிற்று. கடைசிவரை தம் பெயரை எழுதுவதற்கு மேல் அவர் எழுத்துப் பழகவில்லை. ஆனால் பல மொழிகள் பேசுவார்.

பிறந்த தேதி தெரியாதவர்களை எங்கள் லயங்களில் நான் நிறையக் கண்டிருக்கிறேன். அது எவ்வளவு பெரிய குறை என்பதை 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் வந்த பின்னரே எங்கள் மக்கள் அறிந்தார்கள். தந்தை இந்நாட்டில் பிறந்தவர் என்று பத்திரம் காட்ட முடியாத இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். டென்சிங்கையும் அந்தக் கேள்வி விடவில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

1932 ஆம் ஆண்டளவில் அவர் வீட்டை விட்டு டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். நுவரெலியாவை அறிந்தவர்களுக்கு டார்ஜிலிங்கை விவரிக்க வேண்டியதில்லை. குளிரும் மூடுபனியும், ஆங்கிலேயர் ஓய்வுக்கென்று அமைத்த மாளிகைகளும், சுற்றிலும் தேயிலையும், அந்தத் தேயிலையைப் பறிக்க வேறிடத்திலிருந்து வந்து குடியேறிய மக்களும் அங்கும் உண்டு. எவரஸ்ட் பயணங்களுக்கு ஆள் திரட்டும் சந்தையும் அந்நாளில் அந்த ஊரே. டென்சிங் முதலில் பசுக்களைப் பார்த்துப் பால் விற்றார். 1933 ஆம் ஆண்டுப் பயணத்துக்கு அவரை எடுக்கவில்லை. 1935 இல் எரிக் ஷிப்டன் ஆள் தேடியபோது, நற்சான்றுப் பத்திரம் ஒன்றும் இல்லாத இந்த இளைஞர் வரிசையின் ஓரத்தில் நின்றார். அவருடைய புன்சிரிப்பைக் கண்டே ஷிப்டன் தெரிந்தெடுத்ததாகச் சொல்வார்கள். கூலி நாளொன்றுக்குப் பன்னிரண்டு அணா. பனிக்கோட்டுக்கு மேலே சென்றால் ஒரு ரூபாய்.

அன்று வரிசையில் நின்ற மற்றவர்களுக்கும் அவருக்கும் உடல்வலிமையில் பெரிய வேறுபாடு இருந்திராது. ஆங் தார்க்கே போன்ற பேராற்றல் படைத்தோர் அக்கூட்டத்தில் இருந்தார்கள். வேறுபாடு மனத்தில் இருந்தது. சுமையை இறக்கியதும் கூலியையும் வீட்டையும் நினைப்பது சுமைகாரனின் இயல்பு. அதைக் குறை சொல்வதற்கில்லை. டென்சிங்கோ சுமையை இறக்கிய பின்னும் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். பறவையும் பறந்து கடக்காத மலை என்று தாய் இளமையில் சொன்ன அந்தச் சோமோலுங்மாவின் உச்சியை மிதிக்கவேண்டும் என்ற வேட்கை, கூலிக்குப் போன ஒருவரின் நெஞ்சில் புகுந்துகொண்டது. எசமானர்களுக்கே உரியதென்று கருதப்பட்ட ஆசை அது.

1936 இலும் 1938 இலும் மீண்டும் போனார். 1938 இல் டில்மன் தலைமையில் 27,200 அடி உயரத்துக் கூடாரத்துக்குச் சுமை கொண்டுபோனவர்களுள் ஒருவரானார். இமாலயக் கழகம் அவருக்குப் 'புலி' என்ற பட்டமும் பதக்கமும் அளித்தது. அதன்பின் யுத்தம் வந்தது. எவரஸ்டின் கதவு மூடியது. அந்த ஆண்டுகளை அவர் இந்தியாவின் வடமேற்கு எல்லையில், சித்ராலில் வேலை செய்து கழித்தார். 1939 இல் நான்கு வயது மகனை இழந்தார். 1944 இல் மனைவி தாவா பூட்டியும் இறந்தார். பெம் பெம், நீமா என்னும் இரு சிறுமிகளோடு, கையில் காசின்றி டார்ஜிலிங்குக்குத் திரும்பினார். பின்னர் ஆங் லாமு என்னும் பெண்ணை மணந்தார். வேலை அரிதாயிருந்த அந்த நாள்களில் அக்குடும்பத்தைத் தாங்கியவர் அவ்வம்மையாரே என்பதைச் சொல்லாமல் விடலாகாது.

1947 இல் ஏர்ல் டென்மன் என்ற கனடாக்காரர் ஒருவர் வந்தார். அவரிடம் பணமில்லை, திபெத்துக்குள் நுழைய அனுமதியில்லை, துணைக்கு ஆளில்லை, தக்க உடைகூட இல்லை. எவரஸ்ட் ஏறப்போகிறேன் என்றார். அறிவுள்ள எந்தச் சர்தாரும் கதவைச் சாத்தியிருப்பார். டென்சிங் புறப்பட்டுவிட்டார். காவலருக்கு ஒளிந்து, ஆங் தாவா என்ற மற்றொரு ஷெர்ப்பாவும் சேர்ந்து மூவராய்ச் சென்று, சுமார் 22,000 அடியில் புயலில் அகப்பட்டுத் திரும்பினார்கள். பெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படி ஒரு வேலைக்கு இணங்கியது மடமையே என்று நானும் சொல்வேன். ஆனால் அவருடைய வாழ்க்கையில் அவரைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இதைவிட வேறில்லை. கூலிக்காகப் போனவர் இத்தகைய பயணத்துக்குப் போயிருக்கமாட்டார்.

அதே ஆண்டு சுவிற்சர்லாந்து நாட்டவரோடு சென்று கேதார்நாத் சிகரத்தின் உச்சியை அடைந்தார். 1951 இல், நந்தாதேவியில் காணாமற்போன பிரெஞ்சுக்காரர் இருவரைத் தேடிச் சென்றபோது, லூயி தூபோஸ்டுடன் நந்தாதேவிக் கிழக்குச் சிகரத்தில் ஏறினார். தம் வாழ்நாளில் ஏறியவற்றுள் கடினமானது எது என்று கேட்டவர்களுக்கு அவர் எவரஸ்டைக் காட்டியதில்லை. இந்தச் சிகரத்தையே காட்டினார்.

1952 ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் முக்கியமானது. சுவிற்சர்லாந்துக் குழுவினர் அவரைச் சர்தாராக மட்டும் அழைத்துச் செல்லவில்லை. மலையேறும் உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை சர்தார் என்பவர் எங்கள் கங்காணியைப் போன்றவர்: ஆள் கட்டுவார், சுமை பிரிப்பார், துரைக்கும் கூலிக்கும் நடுவில் நின்று இருபுறமும் ஏச்சுக் கேட்பார். துரையோடு ஒரே கயிற்றில் தம்மைக் கட்டிக்கொண்டு உச்சிக்குப் போவது அவருடைய பங்கு அன்று. மே மாதத்தில் டென்சிங்கும் ரேமண்ட் லம்பேரும் தென்கிழக்கு முகட்டில் ஓர் இரவு தங்கினார்கள். லம்பேர் 1938 இல் பனிக்கடியால் கால்விரல்களை இழந்தவர். இருவருக்கும் பொதுமொழி என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. படுக்கைப் பைகளும் இல்லை; அடுப்பும் இல்லை. மெழுகுவர்த்திச் சுடரில் பனிக்கட்டியை உருக்கித் தொண்டையை நனைத்தார்கள். உறங்கினால் உறைந்துவிடுவோம் என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தார்கள். மறுநாள் 28,200 அடி அளவுக்குப் போய், இதற்கு மேல் போனால் திரும்ப முடியாது என்று கண்டு திரும்பினார்கள். இலையுதிர்காலத்தில் மீண்டும் ஒரு முயற்சி நடந்து, அதுவும் தோற்றது. லம்பேர் தந்த செந்நிறக் கழுத்துத்துண்டை டென்சிங் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

1953 ஆம் ஆண்டுப் பயணம் பிரித்தானியருடையது. கர்னல் ஜோன் ஹண்ட் தலைவர். டென்சிங்குக்கு அது ஏழாவது எவரஸ்ட் பயணம். காத்மண்டுவில் பிரித்தானியத் தூதரகத்தார் ஷெர்ப்பாக்களுக்கு இராத்தங்க ஒதுக்கிய இடம் மோட்டார்க் கொட்டகை; அதில் கழிப்பிட வசதியும் இருக்கவில்லை. ஷெர்ப்பாக்கள் மறுநாட் காலை தூதரகத்தின் முன் வீதியிலேயே சிறுநீர் கழித்துத் தம் மனத்தாங்கலைத் தெரிவித்தார்கள். சுவிஸ்காரரோடு ஒரே கூடாரத்தில் கிடந்துவிட்டு வந்த டென்சிங்குக்கு இவ்வேற்றத்தாழ்வு எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். ஆயினும் அவர் விலகவில்லை. பனியருவிப் பகுதியில் எட்மண்ட் ஹில்லரி பிளவொன்றில் விழுந்தபோது, கோடரியைப் பனியில் ஊன்றிக் கயிற்றை இறுக்கி அவரைக் காத்தார். அன்றிலிருந்து அவ்விருவரும் ஒரு சோடியாயினர்.

மே 26 இல் முதற் சோடியான பூர்டிலனும் எவான்சும் தென்சிகரம்வரை சென்று திரும்பினார்கள். மே 28 இல் ஹில்லரியும் டென்சிங்கும் 27,900 அடியில் இட்ட கடைசிக் கூடாரத்தில் தங்கினார்கள். அங்கே அவர்களுக்காகச் சுமை கொண்டுவந்து விட்டுத் திரும்பியவர்கள் லோ, கிரகரி, ஆங் நீமா மூவர். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 27 பாகை. காலையில் பார்த்தால், கழற்றி வைத்த ஹில்லரியின் சப்பாத்துகள் கல்லாக உறைந்திருந்தன. அவற்றை அடுப்பில் காட்டி இளக்க இரண்டு மணி நேரம் சென்றது. டென்சிங் தம் சப்பாத்துகளைக் கழற்றாமலே உறங்கியவர். அனுபவம் என்பது இதுதான். முற்பகல் 11.30 மணிக்கு உச்சியை அடைந்தார்கள். ஏறத்தாழக் கால் மணி நேரம் நின்றார்கள். ஐக்கிய நாடுகள், பிரித்தானியா, நேபாளம், இந்தியா ஆகியவற்றின் கொடிகளைக் கோடரியில் கட்டி டென்சிங் உயர்த்த, ஹில்லரி படம் எடுத்தார். டென்சிங் பனியில் குழி பறித்து இனிப்புகளையும் பிஸ்கட்டுகளையும் மலைத்தெய்வத்துக்குப் படைத்தார். புறப்படும்போது மகள் நீமா கொடுத்த சிறு பென்சில் ஒன்றையும் அங்கே வைத்தார். எழுதத் தெரியாத தந்தை உலகின் உச்சியில் வைத்துவிட்டு வந்தது பென்சில். லம்பேரின் செந்துண்டு அவர் கழுத்தில் இருந்தது.

இனித்தான் அவருக்குத் துன்பம் தொடங்கியது. கீழே இறங்கி வந்தவர்களை நேபாளத்து மக்கள் கொண்டாடிய முறையில், டென்சிங் உச்சியில் நின்று, சோர்ந்து கிடக்கும் ஹில்லரியைக் கயிற்றால் இழுப்பதாகச் சித்திரங்கள் எழுந்தன. முதலில் கால் வைத்தவர் யார் என்பதே எங்கும் கேள்வி. முந்நூற்றுக்கு மேற்பட்ட சுமைகாரர் சுமந்து, மூன்று பேர் கடைசிச் சுமையை ஏற்றிக்கொடுத்து, முப்பது ஆண்டுகளின் தோல்விகள் வழிகாட்டி நடந்த ஒரு காரியத்தில், ஓர் அடி முன்னா பின்னா என்று உலகம் தலையை உடைத்துக்கொண்டது. இருவரும் ஏறத்தாழ ஒருங்கே சென்றடைந்ததாகக் கையொப்பமிட்டு ஓர் அறிக்கை விட்டார்கள். அதனாலும் வாய்கள் அடங்கவில்லை.

அடுத்த கேள்வி, அவர் எந்த நாட்டவர் என்பது. நேபாளம் தன் மகன் என்றது. இருபது ஆண்டுகளாக டார்ஜிலிங்கில் வாழ்ந்தவர் ஆதலின் இந்தியா தன்னவர் என்றது. உச்சியில் அவர் பிடித்த இந்தியக் கொடி, டார்ஜிலிங் நண்பர் ரவீந்திரநாத் மித்ரா கொடுத்தனுப்பியது. நேபாளத்தின் கருவில் பிறந்து இந்தியாவின் மடியில் வளர்ந்தவன் என்ற கருத்தில் அவர் விடை சொல்லிப் பார்த்தார். மனிதனைக் கேட்பவர்களுக்கு அந்த விடை போதும். பத்திரம் கேட்பவர்களுக்குப் போதாது. அதே ஆண்டுகளில் எங்கள் மலைநாட்டில் இந்தியனா இலங்கையனா என்று கேட்கப்பட்டு, இரண்டும் இல்லை என்று எழுதப்பட்டவர்கள் எத்தனை பேர்! 1964 ஆம் ஆண்டு சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று தலையெண்ணிப் பிரித்தது. டென்சிங்கை இரு நாடுகளும் வேண்டும் என்று இழுத்தன. எங்களை இரு நாடுகளும் வேண்டாம் என்று தள்ளின. இழுபட்டவருக்கும் அதில் நிம்மதி இருக்கவில்லை.

ஹண்டும் ஹில்லரியும் சேர் பட்டம் பெற்றனர். டென்சிங்குக்கு ஜோர்ஜ் பதக்கம் கிடைத்தது. சுதந்திர இந்தியா அந்நியப் பட்டங்களை ஏற்க விரும்பாததே காரணம் என்பர் சிலர். எதுவாயினும், ஒரே கயிற்றில் சென்ற இருவர் கீழே வந்ததும் இரு தட்டில் வைக்கப்பட்டனர் என்பதே என் எண்ணம். நேரு மட்டும் தந்தையைப் போல் நடந்துகொண்டார். இலண்டன் போகத் தக்க உடையில்லை என்று அறிந்து, தம் பெட்டியைத் திறந்து தம் உடைகளையே எடுத்துக் கொடுத்தார். இருவருக்கும் அளவு ஒத்திருந்ததாம். இந்திய அரசின் பத்மபூஷண் விருது 1959 இல் கிடைத்தது.

நான் டென்சிங்கைப் பெரியவர் என்று கருதுவது எவரஸ்டின் உச்சியில் அவர் நின்ற கால் மணி நேரத்துக்காக மட்டும் அன்று. 1955 இல் அவருடைய வாழ்க்கை நூல் வெளிவந்தது. அவர் வாயால் சொல்ல, அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதியது. அந்த நூலில், முதலில் உச்சியை மிதித்தவர் ஹில்லரி, தாம் பின்னால் வந்தவர் என்று சொல்லிவிட்டார். இதைச் சொல்லும்படி அவரை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. ஹில்லரியின் தரப்பும் வாய் திறக்காமல் இருந்தது. ஆசியக்கண்டம் முழுவதும் அவரே முதல்வர் என்று நம்ப விரும்பியது. மௌனமாக இருந்திருந்தாலே அந்தப் புகழ் நிலைத்திருக்கும். தம்முடைய மக்கள் மனம் வருந்துவார்கள் என்று தெரிந்தும் அவர் உள்ளதைச் சொன்னார். இரண்டாவதாக மிதித்தது வெட்கம் என்றால், அந்த வெட்கத்தோடு வாழத் தமக்குச் சம்மதம் என்ற கருத்தில் சொன்னார். ஆண்டுக்கணக்காகப் பேரில்லாமல் சுமந்தவர் ஒருவர், தமக்கு விழுந்த பேரில் சிறிது அதிகம் என்று தோன்றியதும் தாமே திருத்திக் கொடுத்தார். இப்படிக் கணக்குத் திருத்திய துரைமாரை நான் கேள்விப்பட்டதில்லை.

1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சிக் கழகம் தொடங்கியது. நேருவும் மேற்கு வங்க முதலமைச்சர் பி. சி. ராயும் அதற்கு ஊக்கம் தந்தவர்கள். மேஜர் ஜெயால் அதன் முதல் அதிபர். களப்பயிற்சிக்கு டென்சிங் பொறுப்பாளர். அதற்காகச் சுவிற்சர்லாந்து சென்று, ஆசிரியர் தொழிலைத் தாமும் மாணவராய் இருந்து பயின்று வந்தார். 1976 இல் ஓய்வு பெறும்வரை அங்கே பணியாற்றினார். கயிறு கட்டுவதையும் பனியில் படி வெட்டுவதையும் பல்லாயிரம் இளைஞருக்குக் கற்பித்த அந்தக் கழகத்தில், எங்கள் இலங்கையிலிருந்து சென்று பயின்றவர் ஜயந்தி குரு உதும்பால. 2016 மே மாதத்தில் எவரஸ்ட் ஏறிய முதல் இலங்கையர் அவரே. பிதுருதலாகலையின் 2,524 மீட்டருக்கு மேல் உயரம் காணாத நாட்டிலிருந்து சென்ற ஒருவருக்கு டென்சிங்கின் பள்ளி வழிகாட்டியது.

1986 மே 9 இல் டென்சிங் டார்ஜிலிங்கில் காலமானார். அவர் பணியாற்றிய கழகத்தின் வளவிலேயே உடலை எரித்தார்கள். ஷெர்ப்பாக்களின் சுமை அதனால் குறைந்துவிடவில்லை. 2014 ஏப்ரலில் அதே பனியருவிப் பகுதியில், பிறருக்காகச் சுமை தூக்கிச் சென்ற பதினாறு பேர் ஒரே காலையில் மாண்டனர்.

தம் பிள்ளைகள் மலையேறுவதை அவர் விரும்பவில்லை. மகன் ஜாம்லிங் இளமையில் எவரஸ்ட் செல்ல அனுமதி கேட்டபோது மறுத்துவிட்டார். தாம் ஏறியதே பிள்ளைகள் ஏற வேண்டியிராமல் படித்து வாழவேண்டும் என்பதற்காகத்தான் என்றார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு விரட்டும் எங்கள் தாய்மாரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஜாம்லிங் படித்தார், அமெரிக்காவுக்கும் போய் வந்தார். தந்தை இறந்து பத்தாண்டுகள் கழிந்த பின், 1996 மே 23 இல், அதே மாதத்தில் புயல் எட்டுப் பேரைக் கொன்ற அதே மலையில் ஏறி உச்சியை அடைந்தார். அங்கே தாய் தந்தையரின் படத்தை வைத்தார். பக்கத்தில், தம் சிறு மகளின் விளையாட்டுப் பொருள் ஒன்றையும் வைத்துவிட்டு இறங்கினார்.